தோற்கும் அணி மூத்த வீரரைக் கொடுத்துவிட்டு டிராஃப்ட் பிக் வாங்கலாமா?

தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணி, தன் மூத்த நட்சத்திரத்தை வேறு அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு டிராஃப்ட் பிக்குகளை, அதாவது புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளை, வாங்கிக்கொள்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்கலாம். ஆனால் நம் ஆள் இன்னும் எத்தனை வருடம் ஆடுவார் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், வாங்க வருகிறவர் யார், அவருக்கு என்ன அவசரம், நாலு வருடம் கழித்து அவர் அணி எந்த நிலையில் இருக்கும் என்று பாருங்கள். மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது.

2013 ஜூனில் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் கூடவே கூடாது என்று சண்டைக்கு வந்திருப்பேன். அப்போதுதான் பாஸ்டன் செல்டிக்ஸ், பால் பியர்ஸையும் கெவின் கார்னெட்டையும் புரூக்ளின் நெட்ஸுக்குக் கொடுத்தது. கூடவே ஜேசன் டெர்ரியும் போனார். 2008இல் கோப்பை வாங்கித் தந்தவர்கள் பியர்ஸும் கார்னெட்டும். அதிலும் பியர்ஸ், 1998இல் டிராஃப்டில் வந்து பதினைந்து பருவம் அந்தப் பச்சைச் சட்டையைத் தவிர வேறு எதையும் போட்டதில்லை. செய்தியைப் படித்துவிட்டு அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

2014 ஜனவரி 26, ஞாயிறு மாலை, இருவரும் புரூக்ளின் சட்டையில் பாஸ்டனுக்கு ஆட வந்தார்கள். இங்கே நமக்குத் திங்கட்கிழமை விடிகாலை. வீட்டில் எல்லோரும் தூங்க, சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தேன். ஆட்டத்தின் இடைவெளியில் பெரிய திரையில் பழைய காட்சிகளை ஓட்டினார்கள். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. பியர்ஸ் திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. ஆட்டத்தில் புரூக்ளின் 85-79 என்று ஜெயித்தது. எனக்கு ஸ்கோர் மனதில் ஏறவே இல்லை. இந்த மனிதரைப் போய்க் கொடுத்துவிட்டார்களே என்பது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். விற்கும்போது கார்னெட்டுக்கு 37 வயது, பியர்ஸுக்கு 35. முந்தைய பருவத்தில் பாஸ்டன் 41 வெற்றி, 40 தோல்வி என்று இழுத்துப் பறித்து பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகள்) போய், முதல் சுற்றிலேயே நியூயார்க்கிடம் வெளியேறியிருந்தது. எதிர்ப்பக்கம் புரூக்ளின். நியூ ஜெர்சியிலிருந்து புது அரங்குக்குக் குடிபெயர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. முதலாளி ரஷ்யக் கோடீஸ்வரர் மிகைல் புரோகோரோவ். அவருக்குக் கோப்பை உடனே வேண்டும். அந்த அவசரத்துக்கு பாஸ்டன் அணியின் மேலாளர் டேனி ஏஞ்ச் கேட்ட விலை: 2014, 2016, 2018 ஆகிய மூன்று வருடங்களின் முதல் சுற்றுப் பிக்குகள், அதற்கு மேல் 2017இல் இரு அணிகளின் பிக்குகளையும் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை. பிக் முதல் சில இடங்களுக்குள் வந்தால் தரமாட்டோம் என்ற பாதுகாப்பு நிபந்தனை எதுவும் இல்லை.

டிராஃப்ட் பழக்கமில்லாதவர்களுக்கு: ஒவ்வொரு வருடமும் பருவம் முடிந்ததும் அணிகள் வரிசைப்படி புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். மோசமாகத் தோற்ற அணிகளுக்கு முன்வரிசை. அதிலும் முதல் சில இடங்களைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வார்கள். ஆக, இன்னொரு அணியின் பிக் நம் கையில் இருந்தால், அவர்கள் எவ்வளவு தோற்கிறார்களோ அவ்வளவு நமக்கு ஆதாயம்.

புரூக்ளின் முதல் வருடம் 44 ஆட்டம் ஜெயித்தது. டொராண்டோவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், கடைசி நொடியில் கைல் லௌரி போட்ட பந்தைத் தட்டிவிட்டு ஒரே ஒரு புள்ளியில் வெற்றி வாங்கித் தந்தவர் பியர்ஸ்தான். அடுத்த சுற்றில் மயாமியிடம் 4-1 என்று தோற்றார்கள், அத்தோடு சரி. அந்தப் பருவத்துக்கு ஆடம்பர வரியாக (வீரர்களின் சம்பளம் வரம்பைத் தாண்டினால் லீக்குக்குக் கட்டுவது) மட்டும் 9 கோடி டாலருக்கு மேல் கட்டினார்கள். 2014 கோடையில் பியர்ஸ் வாஷிங்டனுக்குப் போய்விட்டார். 2015 பிப்ரவரியில் கார்னெட்டும் போனார். 2015-16இல் 21 வெற்றி, அடுத்த வருடம் 20. தோற்றதற்கு ஆறுதலாகக் கிடைக்க வேண்டிய பிக்கும் அவர்களிடம் இல்லை. விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்ட வீட்டில் அடுத்த பட்டத்துக்கு எதை விதைப்பது?

அதே விதைநெல் பாஸ்டனில் முளைத்தது. 2016இல் மூன்றாவது இடத்தில் ஜெய்லன் பிரவுன். 2017இல் பாஸ்டன் தன் பிரிவிலேயே முதலிடத்தில் இருந்தும், மாற்றிக்கொள்ளும் உரிமையால் புரூக்ளினின் முதல் பிக் அவர்களுக்கு வந்தது. ஏஞ்ச் அதை பிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து மூன்றாம் இடத்துக்கு இறங்கி, இன்னொரு பிக்கையும் வாங்கிக்கொண்டு, தான் விரும்பிய ஜேசன் டேட்டமையே எடுத்தார். 2018 பிக் நட்சத்திர வீரர் கைரி இர்விங்கை வாங்கப் பயன்பட்டது. 2024இல் பாஸ்டன் தன் 18ஆவது கோப்பையை வென்றபோது இறுதித் தொடரின் சிறந்த வீரர் பிரவுன். 2014 பிக்கில் வந்த ஜேம்ஸ் யங் மட்டும் தேறவில்லை. அதனால்தான் ஒரே ஒரு பிக்குக்கு யாரையும் கொடுக்காதீர்கள் என்கிறேன். நாலில் ஒன்று எப்படியும் பொய்க்கும்.

எல்லோரையும் விற்றுத் தீர்ப்பது வேறு கதை, அதை நான் ஆதரிக்கமாட்டேன். 2013இலிருந்து பிலடெல்ஃபியா அதைத்தான் செய்தது. 2015-16இல் 82 ஆட்டத்தில் 10 வெற்றி. அணியில் சின்னப் பையன்கள் மட்டும். எப்போது தூங்க வேண்டும், தோற்ற மறுநாள் பயிற்சிக்கு எப்படி வர வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஓர் அண்ணன் இல்லை. கடைசியில் பருவத்தின் நடுவில் 36 வயது எல்டன் பிராண்டைத் தேடிப்பிடித்துக் கூட்டி வந்தார்கள். அத்தனை பிக் சேர்த்தும் 1983க்குப் பிறகு அவர்களுக்கு இன்னும் கோப்பை இல்லை.

எனக்குப் பிடித்தது ஓக்லஹோமா சிட்டி செய்த விதம். 2019 ஜூலையில் தங்கள் நட்சத்திரம் பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, இளம் வீரர் ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டரையும் ஐந்து முதல் சுற்றுப் பிக்குகளையும் வாங்கினார்கள். இன்னொரு நட்சத்திரம் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கைக் கொடுத்தபோது மூத்த வீரர் கிறிஸ் பால் வந்தார், பிக்குகளோடு. கிறிஸ் பாலை உடனே தள்ளிவிடாமல் ஒரு பருவம் ஷாய் பக்கத்தில் ஆட வைத்தார்கள். தேறாது என்று எல்லோரும் சொன்ன அணி 44 வெற்றி, 28 தோல்வி என்று முடித்தது. விலை ஏறிய பிறகு, 2020 நவம்பரில் அவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்தார்கள். கிளிப்பர்ஸ் தந்த பிக்குகளில் ஒன்றில் வந்தவர்தான் ஜேலன் வில்லியம்ஸ். 2025இல் கோப்பை.

ஆகவே உங்கள் அணியின் மேலாளர் இடத்தில் நான் இருந்தால், வருகிற அழைப்பில் முதலில் கேட்பது பிக் எந்த வருடத்தது என்றுதான். அடுத்த வருடப் பிக் என்றால் பெரிய ஆர்வம் காட்டமாட்டேன். வாங்குகிற அணி அப்போதும் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருக்கும், வரிசையில் 28ஆம் இடம்தான் கிடைக்கும். நாலைந்து வருடம் தள்ளி, நிபந்தனை இல்லாமல், அதுவும் இப்போதே முப்பது தாண்டியவர்களை நம்பி ஓடும் அணியின் பிக் என்றால் உட்கார்ந்து பேசுவேன். பேசி முடிப்பதற்குள் வீரரிடமும் நேரில் சொல்லிவிடுவேன். டிவியில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

அப்படி ஒரு விலை வராவிட்டால் விற்க வேண்டாம். டல்லாஸ் தன் மூத்த நட்சத்திரம் டிர்க் நோவிட்ஸ்கியைக் கடைசிவரை யாருக்கும் கொடுக்கவில்லை. 2017-18இல் அவரை வைத்துக்கொண்டே 58 ஆட்டம் தோற்றார்கள். அந்தத் தோல்வியில் கிடைத்த ஐந்தாவது பிக்கோடு இன்னொரு பிக்கையும் சேர்த்துக் கொடுத்து லூகா டான்சிச்சை வாங்கினார்கள். 2019 ஏப்ரல் 9 அன்று, டல்லாஸ் அரங்கில் தான் ஆடிய கடைசி ஆட்டத்தில், 40 வயது டிர்க் 30 புள்ளிகள் எடுத்தார். அவரோடு சேர்ந்து ஆடியவர்களில் 20 வயது லூகாவும் ஒருவர்.