டேகேர்ல சேக்கறதுக்கு முன்னாடி என்ன பாக்கோணும்? கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி கிரீச்ல (வேலைக்கு வர்றவங்க குழந்தைகளப் பாத்துக்கற எடம்) ஒம்பது வருசம் சூப்பர்வைசரா இருந்தேன், அப்பறம் கோயமுத்தூர்ல சொந்தமா சின்னதா ஒரு டேகேர் ஆறு வருசம் நடத்துனேன், முட்டி வலி வந்து கீழ உக்காந்து எந்திரிக்க முடியாமப் போனதால மூடிட்டேன். இப்ப யாருக்கும் ஆள் புடிச்சுக் குடுக்க வேண்டிய அவசியம் எனக்கில்ல, அதனால மனசுல பட்டதச் சொல்லிருவேன். வந்த கேள்விக ஒண்ணொண்ணா பாக்கலாம்.

சரவணம்பட்டி, 8 மாசப் பொண்ணோட அம்மா: அக்கா, ஆபீஸ் பக்கத்துலயே ரெண்டு டேகேர் பாத்து வெச்சுருக்கேன். ரெண்டுலயும் லைசென்ஸ ஃப்ரேம் போட்டு மாட்டிருக்காங்க. அது இருந்தா போதுங்களா?

அந்த ஃப்ரேம்ல என்ன எழுதியிருக்குன்னு கிட்டப் போய்ப் படிச்சீங்களா கண்ணு? முக்காவாசிப் பேரு படிக்கறதில்ல, சீல் இருந்தா சரின்னு வந்தர்றாங்க. மொதல்ல அட்ரஸப் பாருங்க, வேற பிராஞ்சோட பேப்பர ஜெராக்ஸ் எடுத்து மாட்டுனத நானே பாத்துருக்கேன். ரெண்டாவது, தேதி முடிஞ்சு போச்சான்னு பாருங்க. மூணாவது, அது எதுக்கான பேப்பர்னு பாருங்க. ப்ளே ஸ்கூலுக்குன்னு தமிழ்நாடு அரசு 2015ல தனியா விதிமுறை கொண்டு வந்துச்சு, அந்த அங்கீகாரத்தக் காட்டிட்டு எட்டு மாசக் குழந்தையச் சேத்துக்கறாங்க, ரெண்டரை வயசுக் குழந்தைய வெச்சுப் பாட்டுச் சொல்லித் தர்றதும் கைக்குழந்தைய பத்து மணி நேரம் பாத்துக்கறதும் ஒண்ணாங்க?

கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறை சான்று, இந்த நாலையும் காட்டச் சொல்லிக் கேளுங்க. கும்பகோணத்துல 2004 ஜூலை 16ந் தேதி 94 குழந்தைக போனது மறக்கற சங்கதியா? சமையக்கட்டுக் கூரைல புடிச்ச தீ தான் அத்தனைக்கும் காரணம். அதனால மாடியில குழந்தைகள வெச்சுருந்தா நான் மேல ஏறிப் பாக்கவே மாட்டேன், திரும்பி வந்துருவேன். கீழ்த்தளம், வெளிய போக ரெண்டு வழி, ரெண்டாவது வழியில சைக்கிளும் அட்டப்பெட்டியும் அடுக்கி வெக்காம இருக்கோணும், அம்புட்டுத்தான்.

ஆனா ஒண்ணு, இதெல்லாம் செவுத்துக்குக் குடுத்த சர்டிபிகேட்டுங்க. உங்க புள்ளயத் தூக்கப் போறது ஒரு ஆயா. அவங்க இங்க எத்தன மாசமா வேலை செய்யறாங்கன்னு ஓனர்ட்ட கேக்காதீங்க, ஆயாகிட்டயே கேளுங்க. மூணு பேர்ல ரெண்டு பேரு போன மாசம் சேந்தவங்கன்னா சம்பளம் ஒழுங்கா இல்லன்னு அர்த்தம், உங்க பொண்ணு மாசத்துக்கு ஒரு புது மூஞ்சியப் பாக்கும்.

பெருந்துறை, ஒரு அப்பா: ஒரு ஆளுக்கு எத்தன குழந்தைன்னு எதாவது கணக்கு இருக்குங்களா?

இருக்குங்க தம்பி. மத்திய மகளிர் குழந்தைகள் அமைச்சகம் 2018ல கிரீச்சுக்கு வழிகாட்டு நெறி போட்டாங்க, மூணு வயசுக்குக் கீழ பத்துக் குழந்தைக்கு ஒருத்தர், மூணுலருந்து ஆறு வரைக்கும் இருவதுக்கு ஒருத்தர், ஒரு குழந்தைக்கு 10லருந்து 12 சதுர அடி இடம். கைக்குழந்தைக்கு பத்துங்கறது எச்சுன்னு தான் நான் சொல்லுவேன். ஆபத்துன்னா ஒரு ஆயா இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணு, ரெண்டு குழந்தையத் தான் தூக்கிட்டு ஓட முடியும். மீதி எட்டு? அதனால ஒரு வயசுக்குக் கீழன்னா நாலு பேருக்கு ஒரு ஆளு இருந்தா சேருங்க.

இந்தக் கணக்குல ஒரு தில்லுமுல்லு நடக்கும். சமைக்கற அம்மா, ரிசப்சன் புள்ள, வேன் டிரைவரு எல்லாரையும் சேத்து "எங்ககிட்ட எட்டு ஸ்டாஃப்"னு சொல்லுவாங்க. மத்தியானம் ஒண்ணரை மணிக்கு போங்க, வாசல்ல பெரியவங்க செருப்ப எண்ணுங்க. காலைல உங்களுக்குச் சுத்திக் காட்டும்போது எட்டு ஜோடி கெடந்துருக்கும், சாப்பாட்டு நேரத்துல மூணு தான் கெடக்கும். அந்த மூணு தான் நெசக் கணக்கு.

திருப்பூர், தையல் செக்சன்ல இருக்கறவங்க: எங்க கம்பெனில கிரீச் இருக்குன்னு போர்டு இருக்குதுங்க அக்கா, ஆனா யாரும் குழந்தையக் கொண்டு வர்றதில்ல.

சிரிப்பு வருது அம்மிணி, நான் பாக்காததா. ஒரு கம்பெனில (பேரு வேண்டாம்) கிரீச் ரூமுக்குள்ள போனேன், பொம்மையெல்லாம் பிளாஸ்டிக் கவர் பிரிக்காம அப்படியே இருக்கு, தொட்டல்ல துணி பீஸ் கட்டு அடுக்கி வெச்சுருக்காங்க. சரக்கு வாங்கற பையர் கம்பெனிக்காரங்க ஆடிட்டுக்கு வர்றன்னைக்கு மட்டும் பக்கத்து லைன்வீட்டுலருந்து நாலு குழந்தையக் கூட்டிட்டு வந்து உக்கார வெப்பாங்களாம்.

1948ல வந்த தொழிற்சாலைச் சட்டத்துலயே அம்பது பெண்களுக்கு மேல வேலை செஞ்சா கிரீச் வேணும்னு இருந்துச்சு, 1976ல அத முப்பதாக் கொறச்சாங்க. 2017ல பேறுகால சட்டத்தத் திருத்துனப்ப அம்பது பேரு வேலை செய்யற எடத்துல கிரீச் வேணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவ போய் குழந்தையப் பாத்துட்டு வரலாம்னு போட்டாங்க. பால் குடுக்கற குழந்தைக்கு அந்த நாலு தடவ எவ்வளவு பெரிய விசயம்னு உங்களுக்கே தெரியும். தனியாக் கேட்டா சூப்பர்வைசர் மொறைப்பான், நாலஞ்சு தாய்மாரு சேந்து ஹெச்ஆர்ட்ட எழுதிக் குடுங்க.

கோபி பக்கம், ஒரு தாத்தா: ஏனம்மிணி, நாங்கெல்லாம் தொட்டல்ல போட்டுட்டுக் காட்டுக்குப் போனோம். இப்ப எம் பேரனுக்கு அஞ்சு மாசம், டேகேர்ல தொட்டல் கூடாது, கட்டாந்தரையாட்ட மெத்தைல தான் போடோணுங்கறாங்க. இதென்ன கூத்து?

ஐயா, அந்த டேகேர விட்றாதீங்க, நல்ல எடம். தொட்டல்ல துணி மூஞ்சில சுத்திக்கும், கழுத்து மடங்கி மூச்சு முட்டும், வீட்டுல பக்கத்துலயே ஆத்தா உக்காந்து ஆட்டுவாங்க, அங்க ஆறு குழந்தைக்கு யாரு பாக்கறது? ஒரு வயசு வரைக்கும் மல்லாக்க, கெட்டியான மெத்தைல, தலகாணி இல்லாம, பொம்மை கம்பளி எதுவும் பக்கத்துல இல்லாம தூங்க வெக்கறது தான் இப்ப டாக்டருக எல்லாம் சொல்றது. அவன் தூங்குவானுங்க, நாலு நாள் அழுவான், அப்பறம் பழகிருவான்.

பீளமேடு: டெய்லி ரிப்போர்ட் ஆப்ல வருது, எத்தன மணிக்கு பால், எத்தன மணிக்கு டயபர்னு. நம்பலாமா?

என் கதையவே சொல்றேன். டேகேர் ஆரம்பிச்ச புதுசுல ஒரு நாள் ரெண்டு மணிக்கு டயபர் நோட்ட எடுத்துப் பாத்தா நாலு மணிக்கு மாத்துனதா எழுதியிருக்கு! காலைலயே ஒரே பேனால ஒரே கையெழுத்துல மொத்த நாளையும் எழுதி முடிச்சுருக்காங்க. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. திட்டிப் பிரயோசனமில்லைங்க, நான் தான் ரெண்டு பேருக்கு பதினாறு குழந்தையக் குடுத்து வெச்சுருந்தேன், அவங்க எப்ப எழுதுவாங்க? அடுத்த வாரம் ஒரு ஆளு சேத்தேன், நோட்டு சரியாயிருச்சு. அதனால ஆப்ல தெனமும் 10:00, 12:00, 2:00, 4:00னு கோடு போட்ட மாதிரி வந்தா சந்தேகப்படுங்க. 10:20, 11:45, 2:35ன்னு தாறுமாறா வந்தா அது நெசம், எந்தக் குழந்தை மணி பாத்து ஆய் போகுது?

டயபர் மாத்தற எடத்துக்குப் பக்கத்துலயே குழாயும் சோப்பும் இருக்கான்னும் பாருங்க. பொடக்காலி வரைக்கும் நடந்து போய்க் கை கழுவோணும்னா யாரும் கழுவ மாட்டாங்க.

ஈரோடு: சிசிடிவி லைவ் குடுக்கற டேகேர் தான் பெஸ்ட்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க.

கேமரா அடிக்கறதத் தடுக்காது, அடிச்சதக் காட்டும். இருக்கறது நல்லது தான், ஆனா லைவ் லிங்க் எல்லா அப்பாம்மாவுக்கும் போகுதுன்னா உங்க குழந்தை துணி மாத்தறதையும் யாரோ பாக்கறாங்க, அத யோசிங்க. கேமரா எங்க இல்லன்னு பாருங்க, அந்த ரூம்ல யாரு தனியா இருப்பாங்கன்னு கேளுங்க.

பொள்ளாச்சி: சாப்பாடு அவங்களே குடுக்கறாங்க. என்ன கேக்கோணும்?

மெனு கார்டப் பாக்காம சமையக்கட்டப் பாருங்க. அரிசிம்பருப்பு சாதம், சந்தவை, ராகிக் கூழு குடுத்தாலே போதும், பாஸ்தா எல்லாம் போட்டோவுக்கு. முழுக் கடலக்காய், பொட்டுக்கடல, முழு திராட்சை இதெல்லாம் சின்னக் குழந்தைக்குக் குடுக்கறாங்களான்னு கேளுங்க, தொண்டைல அடைச்சுக்கும், நாலஞ்சு வயசு வரைக்கும் வேண்டாம். ஒரு வயசுக்குள்ள தேன் தொட்டு வெக்கறதும் கூடாது. தாய்ப்பால் எடுத்துக் குடுத்தா பாட்டில்ல பேரும் நேரமும் எழுதுங்க, வெளிய வெச்சா நாலு மணி நேரம் தான், ஃபிரிட்ஜ்ல நாலு நாள். கரண்டு போனா ஃபிரிட்ஜுக்கு யுபிஎஸ் இருக்கான்னு கேளுங்க, இத யாரும் கேக்கறதில்ல.

நாமக்கல்: கொசுத் தொல்லை இருக்குங்க அந்த ஏரியால, டெங்கு பயம்.

டெங்கு கொசு பகல்ல தான் கடிக்கும், குழந்தைக அங்க இருக்கறதும் பகல்ல. நம்மூர்ல தண்ணி நாள் விட்டு நாள் வர்றதால எல்லாரும் டிரம்முலயும் அண்டாவுலயும் புடிச்சு வெக்கறோம், மூடி இல்லாத டிரம் இருந்தா கொசுவும் வரும், அத விடப் பெருசா குழந்தையும் எட்டிப் பாக்கும். ஒரு வயசுக் குழந்தை முங்கிப் போறதுக்கு அரை பக்கெட் தண்ணி போதுங்க. சம்ப்புத் தொட்டி மூடிய காலால மிதிச்சுப் பாருங்க, ஆடுனா அங்கயே கேட்டை சாத்திட்டு வந்துருங்க. வெக்கப்படாதீங்க.

டெக்சாஸ்லருந்து, சொந்த ஊரு உடுமலை: இங்க எல்லா டேகேரும் லைசென்ஸ் தான். எப்படி வித்தியாசம் கண்டுபுடிக்கறது?

உங்களுக்கு ஒரு வசதி இருக்கு கண்ணு, எங்களுக்கு இல்லாதது. அங்க இன்ஸ்பெக்சன் ரிப்போர்ட்ட மாநில அரசே ஆன்லைன்ல போடோணும்னு 2014 சட்டம் இருக்கு. சென்டர் பேரப் போட்டுத் தேடி எத்தன வயலேசன் (விதிமீறல்)னு பாக்காம, ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருதான்னு பாருங்க. போர்டு ஒட்டாம விட்டதுக்கும், குழந்தைய ஆள் இல்லாம விட்டதுக்கும் வித்தியாசம் இருக்கு.

கரூர்: பையனுக்கு ரெண்டு வயசு. கையில பல்லுத் தடம். டேகேர மாத்திரட்டுமா?

ரெண்டு வயசுல கடிக்கறது சகஜமுங்க, இன்னைக்கு கடி வாங்குனவன் நாளைக்குக் கடிப்பான். நீங்க பாக்கறதுக்கு முன்னாடி அவங்க சொன்னாங்களா, அது தான் கேள்வி. முட்டி, முழங்கால், நெத்தில அடி விளையாட்டுல படும். கன்னம், காது, முதுகு, தொடை உள்பக்கம், இங்க கன்னிப் போயிருந்தா வெளையாட்டுல படறது கஷ்டம். இன்னும் தவழாத குழந்தைக்கு எங்க கன்னியிருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க, போட்டோ எடுத்து வைங்க, குழந்தைக உதவி எண் 1098க்குப் போன் பண்ணுங்க. கூச்சப்பட்டுட்டு ஒறம்பரைகிட்ட கேட்டுட்டு இருக்காதீங்க.

மேட்டுப்பாளையம்: ஃபீஸ் எச்சா வாங்கற எடம் நல்லாருக்குமா?

ஏசிக்கும் பெயிண்டுக்கும் சேத்து வாங்குவாங்க. ஆயாவுக்கு எவ்வளவு போகுதுன்னு கேளுங்க.

சரவணம்பட்டி அம்மா மறுபடியும்: சொல்லாம கொள்ளாம போனா ஓனர் மூஞ்சியக் காட்டறாங்க, குழந்தைக தூங்கற நேரம், தொந்தரவாகுதுங்கறாங்க அக்கா.

தூங்கற நேரம்னா கண்ணாடி வழியா ஒரு நிமிசம் பாக்க விடலாமில்ல. அஞ்சு குழந்தையும் ஒரே சமயம் அசையாம மூணு மணி நேரம் தூங்குதுன்னாலும் எனக்கு வயித்தக் கலக்கும், சளி மருந்து ஊத்தித் தூங்க வெக்கற ஆளுகளும் இருக்காங்க, நீங்க எழுதிக் குடுக்காம ஒரு சொட்டு மருந்து உள்ள போகக்கூடாதுன்னு மொத நாளே சொல்லீருங்க. பெத்தவங்கள எந்நேரமும் உள்ள விடாத எடம் வேண்டாம். இன்னொரு எடம் இருக்குதில்ல, நாளைக்கு நாலரை மணிக்கு அங்க போங்க, அந்நேரத்துக்கு ஆயாமாரு களைச்சுப் போயிருப்பாங்க, குழந்தைகளும் சிணுங்கும், அப்ப எப்படிப் பேசறாங்கன்னு கேளுங்க. வண்டிய தெருமொனைலயே நிறுத்திட்டு நடந்து போங்க, ஸ்கூட்டி சத்தம் கேட்டா குரல் மாறிரும்.