கிரீன் கார்டு செலவு யார் தலையில்?

கேள்வி: டெக்சாஸில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். நான்கு வருடம் முடிந்துவிட்டது. கிரீன் கார்டுக்குப் போடச் சொன்னால், "போடுகிறோம். ஆனால் பெர்ம் (கிரீன் கார்டுக்கு முதல் படியான தொழிலாளர் சான்றிதழ்) கட்டத்தின் வக்கீல் ஃபீஸையும் விளம்பரச் செலவையும் மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம். இரண்டு வருடத்துக்குள் விலகினால் மீதியை மொத்தமாகக் கட்ட வேண்டும்" என்கிறார்கள். நண்பர்களோ, "எல்லா இடத்திலும் இப்படித்தான், பேசாமல் கையெழுத்துப் போடு" என்கிறார்கள். போடலாமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், பிளானோ

பதில்: போடாதீர்கள். உங்கள் நண்பர்கள் சொல்வது நடக்கிறதுதான். நடப்பதால் அது சட்டமாகிவிடாது. 2007 ஜூலையிலிருந்து பெர்ம் கட்டத்தின் செலவு முழுக்க, நிறுவனத்தின் வக்கீல் ஃபீஸ் உட்பட, முதலாளியுடையது; அதை உங்களிடம் வாங்கத் தடை. சம்பளத்தில் பிடிப்பது, விலகும்போது வசூலிப்பது எல்லாமே அந்தத் தடைக்குள் வரும். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் விதி எண் 656.12. மீறினால் மூன்று வருடம் வரை நிறுவனம் பெர்ம் போட முடியாதபடி தடை விதிக்கலாம்.

இந்தக் கட்டத்தில் விண்ணப்பதாரர் நீங்கள் அல்ல, நிறுவனம். "இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கத் தொழிலாளர் கிடைக்கவில்லை" என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். முதலில் அந்த ஊரில் அந்த வேலைக்கு என்ன சம்பளம் என்று தொழிலாளர் துறையிடம் கேட்டு வாங்க வேண்டும். அதற்கே மாதக்கணக்கில் ஆகிறது. பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை விளம்பரம், மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 30 நாள் அறிவிப்பு, அலுவலகத்திலேயே 10 வேலைநாள் ஒட்டிவைக்கும் நோட்டீஸ், இவை போக இன்னும் மூன்று வழிகளில் ஆள் தேட வேண்டும். (மென்பொருள் வேலைக்கு இன்று யார் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைப் புரட்டுகிறார்கள் என்று கேட்காதீர்கள், விதி 2005-இல் வந்தது.) வருகிற விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதில் நீங்களோ உங்கள் சொந்த வக்கீலோ தலையிடவே கூடாது. அப்படிப்பட்ட வேலைக்கு உங்களிடம் பில் நீட்டுவது என்ன நியாயம்?

அடுத்து வரும் ஐ-140 (உங்களுக்காக நிறுவனம் குடியேற்றத் துறையிடம் போடும் மனு) கட்டணத்தை நீங்கள் கட்டச் சட்டத்தில் தடையில்லை. கடைசியில் வரும் ஐ-485 (கிரீன் கார்டுக்கு நீங்களே போடும் விண்ணப்பம்) செலவையும் பலர் தாங்களேதான் கட்டுகிறார்கள். பேரம் பேசுவதானால் அங்கே பேசுங்கள்.

எனக்கு இதைவிடக் கவலை உங்கள் நாள்கணக்கில். ஐந்தாம் வருடம் முடிவதற்குள் பெர்ம் விண்ணப்பம் உள்ளே போய்விட்டால், ஹெச்-1பியின் ஆறு வருட வரம்பைத் தாண்டி நீட்டிப்பு வாங்குவது சுலபம். சம்பள நிர்ணயத்துக்கும் விளம்பரத்துக்கும் ஆகும் மாதங்களைக் கழித்துப் பார்த்தால் உங்களுக்கு அவகாசம் குறைவு. அதனால் சண்டை வேண்டாம். விதி எண்ணைக் குறிப்பிட்டு, "வக்கீலிடம் ஒருமுறை கேட்டுச் சொல்லுங்கள்" என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒழுங்கான வக்கீலாக இருந்தால் அவரே அந்த ஒப்பந்தத்தை எடுக்கச் சொல்லிவிடுவார். மசியவில்லையென்றால் இப்போதே வேறு இடம் தேடுங்கள். ஆறாம் வருடத்தில் தேடுவது ரொம்பக் கஷ்டம்.

அப்புறம், ஐ-140 ஒப்புதல் வந்ததும் அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் ரசீது எண்ணையாவது குறித்துவையுங்கள். ஒப்புதலாகி 180 நாள் கடந்துவிட்டால், நீங்கள் விலகியபின் நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும் உங்கள் முன்னுரிமைத் தேதி (கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் நாள்) பொதுவாக உங்களோடுதான் இருக்கும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வரிசை எவ்வளவு நீளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.