கார் வாங்கப் போகிறீர்களா? பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

நேற்று டீலரிடம் புது எஸ்யூவிக்குக் கையெழுத்து வைத்தேன். மனைவிக்கு நிறம் பிடிக்கவில்லை. பத்து நாளுக்குள் ரத்துச் செய்யலாம்தானே? (பிரம்டன்)

முடியாது. அந்தப் பத்து நாள் வீட்டு வாசலுக்கு வந்து விற்கிறவர்களிடம் வைத்த கையெழுத்து மாதிரியானவற்றுக்குத்தான். கனடாவில் நம் ஒன்ராறியோ மாகாணத்தில் டீலரிடம் வாங்கிய காருக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. கார் இன்னும் வந்து இறங்கவில்லை என்றால் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள், சிலர் மாற்றித் தருவார்கள். அடுத்த முறை நிறம் பார்க்க வேண்டியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

2026 டொயோட்டா ராவ்4 பெட்ரோல் மட்டும் உள்ளதாகக் கிடைக்குமா? ஹைபிரிட் என்றால் பயமாக இருக்கிறது. (பிக்கரிங்)

கிடைக்காது. 2026 மாடல் முழுக்க ஹைபிரிட், அல்லது செருகி சார்ஜ் போடும் ஹைபிரிட். டொயோட்டா இருபது வருடத்துக்கு மேலாக ஹைபிரிட் செய்கிறது, ரொறன்ரோ டாக்ஸிக்காரர்களைக் கேளுங்கள், பயம் போய்விடும். ஹைபிரிட்டை விட ராவ்4 திருட்டுக்குத்தான் நான் பயப்படுவேன். ஸ்டியரிங் பூட்டு ஒன்று வாங்கி வையுங்கள்.

டீலர் "இரண்டு வாரத்துக்கு 279 டொலர்தான்" என்கிறார். நல்ல விலையா? (ஏஜக்ஸ்)

என்ன விலை? நீங்கள் எழுதிய கடிதத்தில் விலையே இல்லை. வட்டி இல்லை, எத்தனை வருடம் என்பதும் இல்லை. போன் போட்டுக் கேட்டபிறகுதான் தெரிந்தது: வரி எல்லாம் சேர்த்து 40,000 டொலர், 6.99 சதவீத வட்டி, 84 மாதம். சரி, கணக்குப் போடுவோம். வருடத்துக்கு 26 தவணை, ஏழு வருடத்துக்கு 182 தவணை, 279ஆல் பெருக்கினால் 50,778 டொலர். நாற்பதாயிரம் டொலர் காருக்கு வட்டி மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். இதையே 60 மாதத்தில் கட்டினால் மாதம் 792 டொலர் போகும், வட்டி ஏழாயிரத்து ஐந்நூறோடு நின்றுவிடும். "792 கட்ட முடியாது" என்கிறீர்களா? அப்படியானால் அந்தக் கார் உங்களுக்கு எட்டாது, அவ்வளவுதான். இந்த "இரண்டு வாரத்துக்கு" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாடகையை மாதக் கணக்கில் சொல்கிறோம், சம்பளத்தை வருடக் கணக்கில் சொல்கிறோம், காருக்கு மட்டும் ஏன் இரண்டு வாரம்? எண் சின்னதாகத் தெரிய வேண்டும் என்பதற்குத்தான். இன்னொன்றும் இருக்கிறது. மூன்று வருடம் கழித்து மாற்ற நினைத்தீர்கள் என்றால் அப்போதும் 25,000 டொலருக்கு மேல் கடன் பாக்கி இருக்கும். கார் அந்த விலைக்குப் போகாவிட்டால், "பரவாயில்லை, மிச்சத்தைப் புதுக் கடனில் சேர்த்துவிடலாம்" என்று அதே டீலர் சிரித்துக்கொண்டே சொல்வார். ஓடாத காருக்கும் சேர்த்து வட்டி கட்டுகிற குடும்பங்கள் என் தெருவிலேயே இரண்டு. டீலரிடம் மூன்றே மூன்று கேளுங்கள்: மொத்த விலை, வட்டி வீதம், கடைசியில் நான் கட்டி முடிக்கிற தொகை. மூன்றையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

விளம்பரத்தில் போட்ட விலைக்கு மேல் 599 "நிர்வாகக் கட்டணம்", 999 துருத் தடுப்புக் கருவி என்று பில்லில் ஏற்றியிருக்கிறார்கள். கட்டலாமா? (மார்க்கம்)

599ஐக் கட்டவே கட்டாதீர்கள். 2010இலிருந்து ஒன்ராறியோவில் டீலர் விளம்பரம் செய்யும் விலையில் அவர் வாங்கப்போகிற எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் எச்எஸ்டி என்ற விற்பனை வரியும் லைசென்ஸ் கட்டணமும் மட்டும்தான். விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு பேசுங்கள், மசியவில்லை என்றால் டீலர்களுக்கு உரிமம் கொடுக்கும் ஓம்விக்கிடம் முறையிடுங்கள்.

கருவி உங்கள் விருப்பம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எனக்கு விருப்பம் வந்து ஒருமுறை வாங்கினேன். பானெட்டுக்கு உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் ஒரு சிவப்பு விளக்கு. நான்கு பனிக்காலம் அது கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஐந்தாம் வருடம் பின்கதவுக்குக் கீழே மெக்கானிக் விரலால் தட்ட, தகரம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. விளக்கு அப்போதும் எரிந்தது. வருடத்துக்கு ஒருமுறை அடியில் எண்ணெய் அடித்துவிடுங்கள், போதும்.

2025 கோடையில் மின்சாரக் கார் வாங்கினேன். மத்திய அரசின் 5,000 டொலர் இன்னும் வரவில்லை. (மிசிசாகா)

வராது. அந்தத் திட்டத்தின் பணம் 2025 ஜனவரியிலேயே தீர்ந்து நிறுத்திவிட்டார்கள். மாகாணச் சலுகையோ 2018இலேயே போய்விட்டது. ஐயாயிரம் டொலர் விஷயம், வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் தேடியிருக்கலாமே?

படிக்க வந்த மாணவி நான். இணையத்தில் பார்த்து ஒருவரிடம் 9,500 டொலர் காசாகக் கொடுத்து பழைய கொரோலா வாங்கினேன். "அண்ணாவின் கார்" என்றார். பெயர் மாற்றப் போனபோதுதான் காரின் மேல் கடன் இருப்பது தெரிந்தது. அவருடைய போன் வேலை செய்யவில்லை. (ஸ்காபரோ)

தங்கச்சி, முதலில் உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள். இது தொழிலாகவே நடக்கிறது. சொந்தக்காரர் மாதிரி நடித்து, உரிமம் இல்லாமல் காருக்குப் பின் கார் விற்கிறவர்களுக்கு இங்கே கர்ப்சைடர் என்று பெயர். டோனட் கடையின் பார்க்கிங்கில் வைத்து எனக்கும் ஒருவர் "மாமாவின் வேன்" விற்றிருக்கிறார். அந்த மாமாவை இன்றுவரை தேடுகிறேன்.

விளம்பரம், குறுஞ்செய்திகள், வங்கியில் பணம் எடுத்த சீட்டு எல்லாவற்றையும் இன்றைக்கே சேமியுங்கள். பொலிஸிலும் ஓம்விக்கிடமும் முறையிடுங்கள். கடன் கொடுத்தவர் காரைப் பறிமுதல் செய்யலாம் என்பதால் அவர்களிடம் நீங்களே பேசி, பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள், சில சமயம் அது சின்னத் தொகையாக இருக்கும். ஆளின் உண்மைப் பெயரும் முகவரியும் கிடைத்தால் சிறு உரிமை நீதிமன்றத்துக்குப் போகலாம், வக்கீல் கட்டாயமில்லை. உரிமம் உள்ள டீலரிடம் ஏமாந்தவர்களுக்கான இழப்பீட்டு நிதி இதற்குக் கிடைக்காது, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது.

வாங்கப்போகிற மற்றவர்களுக்கு: தனியார் விற்பனையில் பழைய கார்த் தகவல் தொகுப்பை விற்கிறவர்தான் தர வேண்டும். விலை 20 டொலர். கடன், பழைய உரிமையாளர்கள் எல்லாம் அதில் இருக்கும். அதிலுள்ள பெயரும் எதிரில் நிற்கிறவரின் லைசென்ஸும் ஒத்துப்போகாவிட்டால் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

பிரம்டனில் செய்யப்போகும் ஜீப் கம்பஸுக்காகக் காத்திருக்கலாமா? (விட்பி)

வேண்டாம். 2025 அக்டோபரில் ஜீப் செய்கிற ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனம் அதை அமெரிக்காவின் இலினோய்க்கு மாற்றிவிட்டது. உங்களுக்குக் கார்தான் போனது, பிரம்டனில் வேலைக்குத் திரும்பலாம் என்று இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

என் காரில் நான்கு சக்கரமும் இழுக்கும். வின்டர் டயர் தேவையா? (மார்க்கம்)

இழுப்பதற்கு நான்கு சக்கரம் போதும். நிறுத்துவதற்கு?