காபன் அணுவும் டனலிங் செய்யுமா? கேள்வி பதில்

கல்லடி, உயர்தர மாணவி: சேர், டனலிங் எண்டா இலத்திரனுக்கும் ஐதரசனுக்கும் மட்டும்தான் எண்டு படிச்சம். காபன் 12 மடங்கு பாரம். அது எப்பிடித் தடையை ஊடுருவும்?

பதில்: தங்கச்சி, டனலிங் என்பது ஏறிக் கடக்கப் போதிய சக்தி இல்லாத துணிக்கை ஒன்று சக்தித் தடையை ஊடுருவி மறுபக்கம் போவது. அந்த ஊடுருவல் நிகழ்தகவின் அடுக்கைப் பாருங்கள். திணிவும் தடையின் உயரமும் வர்க்கமூலத்துக்குள் நிற்கின்றன. தடையின் அகலம் மட்டும் நேரடியாக நிற்கிறது. 12இன் வர்க்கமூலம் 3.46. ஆகவே ஒரே உயரமான தடையில், ஐதரசன் 1 ஆங்ஸ்ட்ரோம் ஊடுருவுவதும் காபன் 0.29 ஆங்ஸ்ட்ரோம் ஊடுருவுவதும் ஏறத்தாழ ஒரே நிகழ்தகவு. முதலில் கேட்கவேண்டியது அணு எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதையே.

சைக்குளோபியூற்றாடையீனை எடுங்கள். அது செவ்வகம்: ஒற்றைப் பிணைப்பு சுமார் 1.57, இரட்டைப் பிணைப்பு சுமார் 1.34 ஆங்ஸ்ட்ரோம். பிணைப்புகள் இடம்மாறி மற்றச் செவ்வகமாக, ஒவ்வொரு காபனும் ஏறத்தாழ 0.16 ஆங்ஸ்ட்ரோம் நகர்ந்தாலே போதும். இந்த மாற்றத்தில் காபன் டனலிங்தான் முதன்மை என்று 1983இல் பரி கார்ப்பென்டர் முன்வைத்தார்.

அக்கரைப்பற்று, ஆசிரியர்: இது கணிப்பு மட்டும்தானா, பரிசோதனையில கண்டிருக்காங்களா?

பதில்: கண்டிருக்கிறார்கள் சேர். 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 1-மெதைல்சைக்குளோபியூற்றைல்புளோரோகாபீனை உறைந்த நைதரசனுக்குள் 8 கெல்வினில் உருவாக்கி வைத்தார்கள். நாற்கோண வளையம் தானாகவே விரிந்து ஐங்கோண வளையமானது. வீத மாறிலி செக்கனுக்கு சுமார் 4×10⁻⁶, அதாவது அரைவாழ்வு ஏறத்தாழ இரண்டு நாள். தடை மோலுக்கு 6.5 கிலோகலோரி அளவு என்று வைத்து, டனலிங் இல்லாமல் கணக்கிட்டுப் பாருங்கள்: 10⁻¹⁶⁶ அளவில் வரும். பிரபஞ்சத்தின் வயது முழுதும் காத்திருந்தாலும் ஒரு மூலக்கூறுகூட மாறாது.

கல்முனை, உயர்தர மாணவன்: அப்ப அரேனியஸ் சமன்பாடு பிழையா?

பதில்: பிழையில்லை தம்பி, வெப்பநிலையோடு தாக்க வீதம் எப்படி மாறும் என்று சொல்லும் அந்தச் சமன்பாட்டுக்கு எல்லை உண்டு. வீத மாறிலியின் இயற்கை மடக்கையை 1/வெப்பநிலைக்கு எதிரே வரைந்தால், குளிரப் போகப் போக நேர்கோடு வளைந்து கடைசியில் கிடையாகும். பரீட்சைக்கு நேர்கோடே போதும்.

வந்தாறுமூலை, இறுதி வருட மாணவி: காபன்-13 சமதானி விளைவை எப்படி அளப்பது? அடையாளமிட்ட சேர்வை வாங்க வசதி இல்லை.

பதில்: சமதானி விளைவு என்பது காபன்-12 தாக்கமுறும் வீதத்தைக் காபன்-13இன் வீதத்தால் வகுத்து வரும் எண். அடையாளமிட்ட, அதாவது காபன்-13 செறிவாக்கிய சேர்வை வாங்கத் தேவையில்லை. இயற்கையில் இருக்கும் 1.1 சதவீதக் காபன்-13ஏ போதும். தாக்கத்தை 85–90 சதவீதம் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். தாக்கமுறாத மிச்சத்தைப் பிரித்தெடுத்துச் சுத்தமாக்குங்கள். காபன்-13 மெதுவாகத் தாக்கமுறுவதால் மிச்சத்தில் அது செறிந்திருக்கும். விளைவு 1.02 என்றால் 90 சதவீதத்தில் செறிவு 4.6 சதவீதம் கூடும், 1.05 என்றால் 11.6 சதவீதம். அதனால்தான் பாதியில் நிறுத்தக்கூடாது.

அதே போத்தலில் இருந்து எடுத்த, தாக்கத்துக்கு உட்படாத சேர்வையை ஒப்பீட்டு மாதிரியாக வையுங்கள். வேறு போத்தல் என்றால் தொடக்க விகிதமே மாறியிருக்கலாம். என்.எம்.ஆர் (கருக் காந்தப் பரிவு) நிறமாலையில், தாக்க மையத்துக்குத் தூரமான ஒரு காபனின் உச்சியை 1.000 என்று எடுத்து, மற்றவற்றை அதற்கு எதிரே தொகையிடுங்கள். என்.எம்.ஆரில் துடிப்புகளுக்கு இடையே, மிக மெதுவாகத் தளரும் காபனின் தளர்வு நேரத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு காத்திருக்க வேண்டும். பெரும்பாலான அளவீடுகள் கெடுவது இங்கேதான். அவசரப்பட்டால் நாற்தொடுப்புக் காபன்களின் உச்சி குறைந்து, இல்லாத விளைவு ஒன்று தெரியும். மிச்சத்தைப் பக்கத்தாக்கம் ஏதும் தின்றிருந்தாலும் விடை பிழைக்கும்.

டனலிங் இல்லாத சாதாரண விளைவுகள் 1.02 முதல் 1.05 வரை இருக்கும். சைக்குளோபுரோப்பைல்காபினைல் மூலிகத்தின் வளையம் திறக்கும் தாக்கத்தில் 80 பாகை செல்சியஸில் 1.062, மறை 100 பாகையில் 1.163 என்று அளந்திருக்கிறார்கள். காபனுக்கு 1.163 என்பது மிகப் பெரியது. டனலிங்கைச் சேர்க்காத கணிப்பு அதைக் கிட்டவும் நெருங்கவில்லை.

சம்மாந்துறை, மூன்றாம் வருட மாணவன்: சேர், என்னட்ட மடிக்கணினி மட்டும்தான் இருக்கு. ஏதாவது செய்யலாமா?

பதில்: தாராளமாக. ஓர்கா என்ற குவாண்டம் இரசாயனக் கணிப்பு மென்பொருள் கல்வித் தேவைக்கு இலவசம். நிலைமாறு நிலையை, அதாவது தடையின் உச்சியில் மூலக்கூறு எடுக்கும் வடிவத்தைக் கண்டுபிடித்து, அதன் கற்பனை அதிர்வெண்ணை (தாக்கப் பாதை வழியான அசைவுக்குரியது) எடுங்கள். கற்பனை அதிர்வெண் ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும். இரண்டு வந்தால் வடிவத்தைத் திருத்தி மறுபடி ஓட்டுங்கள். பிறகு விக்னர் திருத்தம், அதாவது டனலிங்கால் வீதம் எத்தனை மடங்காகும் என்ற எளிய மதிப்பீடு: 1.44ஐ அதிர்வெண்ணால் பெருக்கி, கெல்வினால் வகுத்து, வர்க்கித்து, 24ஆல் வகுத்து, 1ஐக் கூட்டவேண்டும்.

400 செ.மீ⁻¹ என்றால் நம்மூர் 30 பாகையில் 1.15, அதாவது டனலிங்கால் வீதம் 15 சதவீதம் கூடுகிறது. 150 கெல்வினில் 1.61. இன்னும் குளிருக்குப் போகவேண்டாம். அதிர்வெண்ணை 0.229ஆல் பெருக்கினால் கடப்பு வெப்பநிலை வரும்; அதற்குக் கீழே டனலிங்தான் முதன்மை. 400க்கு அது சுமார் 92 கெல்வின். அதை நெருங்கும்போதே விக்னர் நம்பத்தகாதது, ஏனென்றால் அது தடையின் உச்சியை மட்டும் பார்க்கிறது, அடிவாரத்து அகலத்தைப் பார்ப்பதில்லை. அந்தக் குளிருக்கு முழுப் பாதையையும் கணிக்கும் சிறுவளைவு டனலிங் முறை வேண்டும்; அதற்குப் பொலிரேட் மென்பொருள் உண்டு. எதில் ஓட்டினாலும் இரண்டு மூன்று அடர்த்திச் சார்பு முறைகளில் தடையை ஒப்பிடுங்கள்.