துட்டன்காமன் புதையல் எங்கேர்ந்து வந்துச்சு, யாருக்குச் செஞ்சது? கேள்வி பதில்

துட்டன்காமன் சுமார் 3300 வருஷம் முன்னாடி எகிப்தை ஆண்ட பையன் ராஜா, அவரோட கல்லறையை 1922-ல ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடிச்சாரு. அதுல இருந்த பொருள்களைப் பத்தி கேள்விகள் நிறைய வந்துருச்சு, முடிஞ்ச வரைக்கும் சொல்றேன். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. "எங்கேர்ந்து வந்துச்சு"ங்கிறதுக்குள்ள மூணு கேள்வி இருக்கு: கல்லும் உலோகமும் எந்த ஊரு, செஞ்ச கை யாரோடது, யாருக்குன்னு செஞ்சாங்க. மூணையும் போட்டுக் குழப்பிக்காதீங்க, பாதி சண்டை அதனாலதான் வருது.

அவரோட இரும்புக் கத்தி விண்கல்லுல செஞ்சதா? நம்பலாமா?

நம்பலாம். 2016-ல கத்தியைச் சுரண்டாம எக்ஸ்ரே வச்சே பாத்தாங்க, நிக்கல் கிட்டத்தட்ட 11 சதவீதம், கோபால்ட் 0.6 சதவீதம். அந்தக் காலத்துல தாதுவை உருக்கி எடுத்த இரும்புல இவ்ளோ நிக்கல் வராது. ஆனா எனக்கு அதைவிட பெருசா படுறது கைப்பிடிதான். 2022-ல ஜப்பான் ஆளுங்க பாத்தப்போ, பிடியில தங்கத்தையும் கல்லையும் ஒட்டினது சுண்ணாம்புச் சாந்தா இருக்கலாம்னு தெரிஞ்சுது, எகிப்துல அப்போ ஜிப்சம்தான் வழக்கம், சுண்ணாம்புச் சாந்து ரொம்பப் பின்னாடி வந்தது. இதோட அமர்னா கடிதங்களையும், அதாவது அந்தக் காலத்து ராஜாக்கள் எகிப்துக்கு எழுதின களிமண் கடிதங்களையும், சேர்த்துப் படிங்க. மித்தானி (இப்போ சிரியா, வடக்கு ஈராக் பக்கம்) ராஜா துஷ்ரத்தா தன் பொண்ணை எகிப்து ராஜா மூணாம் அமென்ஹோடெப்புக்குக் கட்டிக் கொடுத்தப்போ அனுப்பின சீர்வரிசைப் பட்டியல்ல இரும்புக் கத்தியும் இருக்கு. அமென்ஹோடெப் துட்டன்காமனுக்குத் தாத்தான்னுதான் பெரும்பாலும் சொல்றாங்க. தாத்தா கல்யாணத்துக்கு வந்த சீரு பேரனோட வலது தொடை மேல துணிச்சுத்துக்குள்ள கிடந்திருக்கலாம். "கலாம்"தான், பட்டியல்ல உள்ள கத்தியும் இதுவும் ஒண்ணேன்னு யாரும் நிரூபிக்கல.

தங்கம், நீலக்கல் எல்லாம் எந்த ஊரு சார்?

தங்கம் கிழக்குப் பாலைவனமும் நுபியாவும். நீலக்கல் ஆப்கானிஸ்தான் பதக்‌ஷான். ஒரு மார்புப் பதக்கத்துல மஞ்சளும் பச்சையுமா ஒரு வண்டு இருக்கும், கார்ட்டர் அதைக் கால்சிடனின்னு நினைச்சாரு, அது லிபியப் பாலைவனக் கண்ணாடி, மணல் உருகி உண்டாகி 2.9 கோடி வருஷம் ஆகுது.

தங்க முகமூடி நெஃபர்டிட்டிக்குச் செஞ்சதுதானே? காதுல ஓட்டை இருக்கே!

இதை எட்டு பேர் கேட்டிருக்கீங்க, ஒரே பதில். (நெஃபர்டிட்டி, துட்டன்காமனுக்கு முன்னாடி ஆண்ட அகனாட்டெனோட ராணி.) காது ஓட்டையை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. துட்டன்காமன் மம்மிக்கே காது குத்தியிருக்கு, கல்லறையில தோடு கிடைச்சிருக்கு. எகிப்து ஆராய்ச்சியாளர் நிக்கோலஸ் ரீவ்ஸ் சொல்றதுல கவனிக்க வேண்டியது வேற. முகமூடியில ராஜா பேரு இருக்கிற வளையத்துக்குள்ள, இப்போ உள்ள எழுத்துக்கு அடியில "அங்க்கெப்பெரூரே"ங்கிற, முன்னாடி ஆண்ட வேற ஒருத்தரோட பேரோட தடம் தெரியுதுன்னு 2015-ல சொன்னாரு. 2014-ல தாடி உடைஞ்சு எபாக்ஸி பசை போட்டு ஒட்டின கதை தெரியும்ல, அதைச் சரி பண்ண வந்த ஜெர்மன் நிபுணர் கிறிஸ்டியன் எக்மான் முகமூடியைக் கைல வச்சுப் பாத்துட்டு, பேரு மாத்தின அடையாளமும் இல்ல, முகத்தை மட்டும் வேற தங்கத்துல மாத்தி வச்சாங்கங்கிறதுக்கும் ஆதாரம் இல்லன்னாரு.

எக்மான் உலோக ஆளு, எழுத்துப் படிக்கிறவர் இல்லையே? ரீவ்ஸ் சொன்னா தப்பா இருக்குமா?

தம்பி, ஆளைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, பொருளைப் பாருங்க. முகமூடி விஷயம் முடியல, அதை விடுங்க. சந்தேகமே இல்லாத ஒண்ணு அதே கல்லறையில இருக்கு, அதை ஒருத்தரும் கேக்கலங்கிறதுதான் எனக்கு வருத்தம். கல்லீரல், நுரையீரல், வயிறு, குடல் வைக்கிறதுக்கு நாலு குட்டித் தங்கப் பெட்டி, ஒவ்வொண்ணும் 39 சென்டிமீட்டர், ராஜா சவப்பெட்டி மாதிரியே குட்டி உருவம். வெளிய பாத்தா கலர் கண்ணாடியும் கார்னீலியன்ங்கிற சிவப்புக் கல்லும் பதிச்சு கண்ணைப் பறிக்கும். மூடியைத் திறந்து உள்பக்கத் தகட்டைப் பாருங்க, மந்திர எழுத்துக்கு நடுவுல பேரு வர்ற இடத்துல மட்டும் பழைய எழுத்தை அழிச்சு மேல துட்டன்காமன் பேரைப் பொறிச்சிருக்காங்க. அடியில இருந்தது அங்க்கெப்பெரூரே நெஃபெர்நெஃபெருவாட்டென், துட்டன்காமனுக்கு முன்னாடி ஆண்டவர் பேரு. மம்மி மேல இருந்த தங்கப் பட்டைகள்லயும் இதே கதைதான்.

அப்போ அந்த நெஃபெர்நெஃபெருவாட்டென்தான் நெஃபர்டிட்டி, சரியா?

பொம்பளைங்கிறது கிட்டத்தட்ட உறுதி, பேரோட "தன் கணவனுக்கு நன்மை செய்பவள்"னு அடைமொழி வருது. நெஃபர்டிட்டியா, மகள் மெரிட்டாட்டெனாங்கிறதுல அறிஞர்களே ரெண்டா நிக்கிறாங்க. தயவுசெஞ்சு "பேரு இருக்கு, அதனால நெஃபர்டிட்டி"ன்னு தாவாதீங்க.

அடுத்தவங்க பொருளை எடுத்து வச்சது திருட்டு இல்லையா?

அப்படிப் பாக்காதீங்க. பையன் 19 வயசு வாக்குல செத்துட்டான், கல்லறையே சின்னது, கைல இருந்ததை வச்சு அனுப்பியிருக்காங்க. பின்னாடி எகிப்தோட தானிஸ் ஊர்ல ராஜா முதலாம் சூசென்னெஸை வச்ச கல்லுப் பெட்டி, அவருக்கு முன்னாடி ஆண்ட ராஜா மெர்னெப்டாவோடது. அங்க இது சகஜம்.

வெள்ளி எகிப்துல கிடைக்காதுங்கிறாங்களே, எப்படி வந்துச்சு?

நல்ல கேள்வி. துட்டன்காமனுக்கு ரொம்ப முன்னாடி பெரிய பிரமிடு கட்டின கூஃபுவோட அம்மா ஹெடெப்ஹெரெஸ் வளையல்களை ஆராய்ஞ்சு 2023-ல வெளியிட்டாங்க, வெள்ளியில கலந்த ஈயத்தோட ஐசோடோப்பு (உலோகம் எந்த ஊர்ச் சுரங்கம்னு காட்டுற அடையாளம்) கிரேக்கத் தீவுகள் பக்கம் காட்டுது. இங்கயும் அதே எச்சரிக்கைதான், வெள்ளி கிரேக்கம், வளையல் செஞ்சது எகிப்து.

இந்தப் பொருளையெல்லாம் தமிழர்கள்தான் அனுப்பினாங்களா? (பன்னெண்டு பேர்)

உண்மையான ஒரு இழை இருக்கு: இரண்டாம் ராமசேஸ் மம்மியோட மூக்குல மிளகு இருந்துச்சு, அது நம்ம தென்னிந்தியப் பக்கத்துச் சரக்கு. எகிப்தோட செங்கடல் துறைமுகம் குசெய்ர் அல்-கதீம்ல கிடைச்ச "பானை ஒறி" தமிழ் பிராமி ஓடு துட்டன்காமனுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல பின்னாடி. அதைக் கொண்டு போய் முகமூடித் தங்கத்துல ஒட்டாதீங்க. இதுக்கு மேல இந்தக் கேள்விக்குப் பதில் இல்ல.

கல்லறையைத் திறந்தவங்களுக்குச் சாபம்?

தோண்டலுக்குப் பணம் போட்ட கார்னார்வோனுக்குக் கொசுக்கடி, அதுல ஷேவிங் கத்தி பட்டு சீழ் வச்சு 1923 ஏப்ரல்ல இறந்தாரு.

ஏலியன்?

வேற இடத்துல கேளுங்க.

எல்லாம் அடுத்தவங்களோடதுன்னா துட்டன்காமனுக்குன்னே செஞ்சது என்னதான் இருக்கு?

நிறைய இருக்கு. குழந்தை உக்கார்ற அளவுல ஒரு கருங்காலி நாற்காலி, தங்கச் சிம்மாசனத்துல அவரோட பழைய பேரு துட்டன்காட்டென் அப்படியே நிக்குது, நடக்க வச்சிருந்த கைத்தடிகள் நூத்துக்கும் மேல. கருவூல அறையில ஒரு சாதாரண மரப்பெட்டிக்குள்ள பொறக்குறதுக்கு முன்னாடியே போன ரெண்டு பொண் சிசு, ஆளுக்கு ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு குட்டிச் சவப்பெட்டி. அவர் பிள்ளைங்கன்னுதான் நம்புறாங்க. அந்தப் பெட்டிகள்ல எந்தப் பேரையும் அழிக்கல, பேரே வைக்கல, "ஒசிரிஸ்"னு (எகிப்துல இறந்தவங்களைச் சொல்ற பட்டம்) மட்டும் எழுதியிருக்கு.