ஹசீனா மொயீனின் பெண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பாகிஸ்தான் தொலைக்காட்சி எழுத்தாளர் ஹசீனா மொயீனைப் பெண்ணியவாதி என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபின் அவருடைய ‘தன்ஹாயியான்’ தொடரை யூடியூபில் பார்த்தேன். கலகலப்பாகத்தான் போகிறது, ஆனால் காதலும் கல்யாணப் பேச்சுமாகவே இருக்கிறது. இதில் பெண்ணியம் எங்கே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தத் தொடர் ஒளிபரப்பான 1985ஆம் ஆண்டை ஒதுக்கிவிட்டு உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சி 1979இல் ஹுதூத் சட்டங்களை, அதாவது திருமணத்துக்கு வெளியே உறவு, திருட்டு போன்றவற்றுக்கு மதவழித் தண்டனை வகுத்த சட்டங்களை, கொண்டுவந்தது. பண ஒப்பந்தங்களில் ஓர் ஆணின் சாட்சியத்துக்கு இரண்டு பெண்களின் சாட்சியமே ஈடு என்று 1984ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்தது; அது வரைவாக இருந்தபோதே, 1983 பிப்ரவரியில், அதை எதிர்த்து லாகூரில் ஊர்வலம் போன பெண்கள் தடியடி பட்டார்கள். திரையில் தோன்றும் பெண்கள் தலையை மூட வேண்டும் என்று உத்தரவிட்டிருந்த அரசுத் தொலைக்காட்சிக்குத்தான் ஹசீனா எழுதிக்கொண்டிருந்தார்.

இந்தப் பின்னணியில் ‘தன்ஹாயியான்’ நாயகி ஸாராவைப் பாருங்கள். பெற்றோர் விபத்தில் இறந்து, கடனில் வீடும் கைவிட்டுப் போனபின், தங்கை ஸானியாவுடன் தாயின் சகோதரி வீட்டில் தங்கும் அவள், அந்த வீட்டை எப்படியாவது மீட்டே தீருவதென்று வேலையில் மூழ்கி, நேசிப்பவர்களையும் தள்ளிவைக்கும் அளவுக்குப் பிடிவாதக்காரியாகிறாள். பெண்ணுக்குப் பேராசையும் பிடிவாதமும் உண்டு, அவளும் தப்பு செய்யலாம் என்று காட்டிவிட்டு, அதற்காக அவளை இழிவுபடுத்தாமலும் இருக்கிறார் ஹசீனா. ‘அன்கஹி’யின் (1982) ஸனா குடும்பக் கஷ்டத்துக்காக அலுவலக வேலைக்குப் போகிறாள்; வாய் ஓயாமல் பேசுகிறாள், உளறுகிறாள். ‘தூப் கினாரே’யின் (1987) ஸோயா மருத்துவர். தலை குனிந்து நிற்கும் பெண்ணையே அரசு விரும்பிய காலத்தில், வீடுவீடாக மக்கள் கூடி ரசித்தது இவர்களைத்தான். அந்தச் சிரிப்பை நான் அரசியலாகவே எடுத்துக்கொள்கிறேன்.

காதலைப் பற்றிச் சொன்னீர்கள். இந்தப் பெண்கள் காதலிக்கிறார்கள், உண்மைதான். ஆனால் யாரை, எப்போது என்பதில் அவர்களுடைய மனம்தான் கதையை நகர்த்துகிறது. பிற்காலத் தொடர்கள் பெண்ணை அடிபட்டு அழுபவளாகவே காட்டுவதை 2021இல் இறக்கும்வரை அவர் கண்டித்துவந்ததும் இந்தப் பிடிமானத்தினால்தான்.

அவரிடம் நான் காணும் குறை வேறு. அவருடைய பெண்கள் பெரும்பாலும் கராச்சி நகரத்தின் படித்த பெண்கள். கிராமத்துப் பெண்ணும் கூலிக்காரியும் அந்த உலகில் கதையின் மையத்துக்கு வருவதில்லை. சிந்து மாகாண நிலக்கிழார் குடும்பங்களில் அடைபட்ட பெண்களை நூருல் ஹுதா ஷா என்ற இன்னொரு பெண் எழுத்தாளர்தான் ‘ஜங்கல்’ தொடரில் எழுதினார். அடுத்து அதைப் பாருங்கள். இருவரையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் காலத்து உருதுத் தொலைக்காட்சியில் பெண்கள் எவ்வளவு சொன்னார்கள் என்பது தெரியும்.