அரிசிமணி எடைகூட இல்லாத உந்துவிசையைப் படித்தால் வேலை கிடைக்குமா?

களுவாஞ்சிகுடி அம்மாவுக்கு,

உயர்தரப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மகன், செயற்கைக்கோளின் நுண் உந்துவிசையைத்தான் படிப்பேன் என்று நிற்கிறார். யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

ஓர் அரிசிமணியின் எடை ஏறத்தாழ 200 மைக்ரோநியூட்டன் (விசையின் அலகான நியூட்டனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோநியூட்டன்). 2013இல் ஏவப்பட்ட கையா விண்கலம் தன் நிலையைத் திருத்த நைதரசன் வாயுவைப் பீய்ச்சியபோது, அதிலும் சிறிய விசைகளையும் பயன்படுத்தியது. இவ்வளவு சிறியதை அளப்பதுதான் பெரும்பாடு. வெற்றிடக் கலனுக்குள், மெல்லிய சுழல்தாங்கியில் ஒரு கை தொங்கும். உந்தி, அதாவது வாயுவைப் பீய்ச்சி விசை தரும் கருவி, அதை நகர்த்தும் தூரம் மைக்ரோமீற்றர் கணக்கில் பதிவாகும். வாயுக் குழாயின் விறைப்பு அதை இழுக்கும், வெப்பம் அளவீட்டின் பூச்சியப் புள்ளியை நகர்த்தும், பக்கத்து அறையில் ஒருவர் நடந்தாலும் வரைபடம் துள்ளும். கலனில் மிஞ்சிய வாயுவும் அளவீட்டைக் குழப்பும். அதனால் அளவு முன்பே தெரிந்த நிலைமின் விசையை (மின்னேற்றங்களின் ஈர்ப்பு விசையை) கொடுத்து முதலில் அளவுதிருத்தம் செய்கிறார்கள்.

கணினிப் பக்கமும் உண்டு. உந்தியின் வாயு மிக ஐதாகிவிட்டால் வழமையான பாய்ம இயக்கச் சமன்பாடுகள் பொருந்தா. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவது குறைந்து, சுவரில் மோதுவதே மேலோங்கும். சிட்னிப் பல்கலைக்கழகத்தின் கிரேம் பேர்ட் 1960களில் உருவாக்கிய முறை, மாதிரி மூலக்கூறுகளை நகர்த்தி, மோதல்களை நிகழ்தகவுப்படி தீர்மானிக்கிறது. அதைச் செய்யும் 'ஸ்பார்ட்டா' மென்பொருள் இலவசம். மகன் வீட்டுக் கணினியிலேயே சிறு கணக்குகளை ஓட்டிப் பார்க்கலாம்.

நுண் உந்துவிசை என்ற பெயரிலேயே இளமாணிப் பட்டம் தேடி அலைய வேண்டாம். பொறியியலுக்கு இசட் புள்ளி போதுமானால் மொறட்டுவை, பேராதனை, ஒலுவில் பல்கலைக்கழகங்களின் பொறியியல் பீடங்கள். போதாவிட்டால் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல். இரண்டாவது தாழ்ந்த வழி அல்ல. அளவீட்டுப் பக்கத்துக்கு அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். நிரலாக்கத்தை மட்டும் முதலாம் ஆண்டிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன்: உள்ளூரில் இதற்கு நேரடி வேலை மிக அரிது. முதுமாணிக்கு வெளிநாடு போக வேண்டிவரும். அமெரிக்க உந்துகணை நிறுவனங்களில் பிறநாட்டவருக்குச் சட்டத்தடையும் இருக்கிறது. ஆனால் வெற்றிடத் தொழில்நுட்பமும் நுண் அளவீடும் கணினி உருவகிப்பும் தெரிந்தவருக்கு, குறைகடத்தி, உணரி உற்பத்தித் துறைகளும் திறந்திருக்கும்.

வெளிநாட்டு விண்வெளி டிப்ளோமா என்று முற்பணம் கேட்கும் முகவரிடம் இப்போது போகாதீர்கள். பெறுபேறு வந்ததும், விருப்பத்தெரிவு வரிசையை நிரப்புவதற்கு முன் மகனோடு வாருங்கள்.